ஐந்து மணிக்குப் பிறகு நலம் விசாரிக்கக் கூடாது

இயக்குநர் பேசி முடித்தபோது நபாரிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் பேசியிருப்பேனோ? லண்டனில் எனக்கு யாரும் இல்லைதான். ஆனாலும் இவ்வளவு படித்த மனிதர் இவ்வளவு அடித்துச் சொல்லும்போது, தூக்கத்தில் எழுந்துபோய்ப் பேசிவிட்டு வந்து படுத்தோமோ என்னவோ, யார் கண்டது?

கைபேசி என்ற சாமான் இன்னும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ஸாக்பாலி நகரக் குடிநீர் வாரியத்தின் டெலிபோன் பில் அந்த மாதம் தாறுமாறாக வந்திருந்தது. லண்டன், ஜெட்டா, அக்ரா என்று எங்கெங்கோ யாரோ மாலை நேரத்தில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். ஹஜ் போய் வந்ததால் எல்லாருக்கும் அல்ஹாஜி ஆகிவிட்ட இயக்குநர் பாவா காத்தாரி அந்தப் பில்லை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லா ஊழியரையும் கூடத்துக்கு அழைத்தார். நேர விரயத்தை ஒழிப்பதுதான் கூட்டத்தின் நோக்கம். எங்கள் ஊர் வழக்கப்படி முதலில் அவர் எல்லாரிடமும் வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்டு, எல்லாரும் "நாஆ" என்று சொல்லி, பிறகு எல்லாரும் அவரைக் கேட்டு, அவர் "நாஆ" என்று சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போய்விட்டது.

"நாஆ" என்றால் நலம். நலமாக இல்லாவிட்டாலும் அதுதான் பதில்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல," என்றார் இயக்குநர். "யாரோ ஒருத்தர் பண்ணியிருக்கார். அவரைக் கண்டுபிடிக்கணும். முடியல. அதனால எல்லாருமே பண்ணியிருக்கீங்கன்னு வச்சுக்கிட்டேன். ஒருத்தர விட்டு ஒருத்தரப் பிடிச்சா பாரபட்சம் ஆயிடும் பாருங்க. இங்கிலாந்துல படிக்கும்போது இதைத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இன்னையிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு போனும் வேலை செய்யாது. அவசரம்னா மட்டும் வேலை செய்யும்."

"உங்க ரூம் போன் அல்ஹாஜி?" என்று கணக்கு அதிகாரி எழுந்து கேட்டார். பாவம், வெள்ளை மனசுக்காரர்.

"சந்தேகப்படற ஆளையே சந்தேகப்பட ஆரம்பிச்சா அப்புறம் நிர்வாகம் எப்படிய்யா நடக்கும்?"

கணக்கு அதிகாரி உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து அவர் மேல் தனியாக ஒரு சந்தேகம் ஏற்பட்டது.

நபாரி ஆற்றங்கரை மோட்டார் கொட்டகையில் வேலை பார்ப்பவன். ஊரிலிருந்து சைக்கிளில் போனால் முதுகு பிளந்துவிடும் தூரம். மத்தியானம் மோட்டாரைப் போடுவான். தண்ணீர் ஊருக்குள் இருக்கும் பெரிய தொட்டிக்கு ஏறும். பொழுது சாயும் நேரத்தில் தொட்டி நிரம்பும். தொட்டிக் காவலர் வும்பினி அங்கிருந்து போன் செய்து நிறுத்தச் சொல்வார், இவன் நிறுத்துவான். இதை அவன் தற்காலிக ஊழியனாகவே இத்தனை வருஷமும் செய்துகொண்டிருந்தான். இந்த வருஷப் புழுதிக்காற்று முடிந்ததும் நிரந்தரம் ஆக்கிவிடுவதாக இயக்குநர் வாயால் சொல்லியிருந்தார். அவன் மனைவி அஸாரா அந்தச் சொல்லை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகி வைத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் ஒரு தடவை அவிழ்த்துப் பார்ப்பாள்.

"நிரந்தரம் என்ன ஆச்சு?"

"காத்து முடியட்டும்னு சொன்னாரு."

"காத்து முடியறதுக்குள்ள நீ எதுலயும் மாட்டாம இரு. உன் மூஞ்சியைப் பார்த்தாலே திருடன் மாதிரி இருக்கு."

"நான் என்னடி பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணாதவன் மூஞ்சிதான் அப்படி இருக்கும்."

எது அவசரம் என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். அதற்குத் தலைவராகவும், புதிய டெலிபோன் இயந்திரத்துக்குப் பொறுப்பாகவும் தலைநகர் அக்ராவிலிருந்து மிஸ்டர் குவார்ட்டி என்பவர் வந்து சேர்ந்தார். கடற்கரைக்காரர். வந்த அன்றே தொட்டிக்குக் கீழே இருந்த அறையைக் காலி செய்து, இயந்திரத்தையும் அழைப்புகளைப் பதிவு செய்யும் டேப்புகளையும் அங்கே வைத்துப் பூட்டினார். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. பகலில் ஒரு தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பார். தான் இழுத்துப் பார்ப்பதை யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்ப்பார்.

குழு நபாரியையும் வும்பினியையும் கூப்பிட்டு விசாரித்தது.

"தொட்டி நிரம்பிடுச்சுன்னு சொல்றது அவசரம்தானே ஐயா?" என்றார் வும்பினி.

"தினமும் நிரம்புதா?" என்று கேட்டார் குவார்ட்டி.

"தினமும் நிரம்பும்."

"தினமும் நடக்கிறது எப்படி அவசரம் ஆகும்? அது வழக்கம். குடிநீர் வாரியத்துல தண்ணி வர்றதும் அவசரம் இல்ல, வராததும் அவசரம் இல்ல. தொட்டி வழிஞ்சா மட்டும் பேசு. அது அசம்பாவிதம். அசம்பாவிதத்துக்கு இடம் இருக்கு."

"வழியறதுக்கு முன்னாலயே சொல்லிட்டா வழியாதே ஐயா," என்றான் நபாரி.

குவார்ட்டி அவனை உற்றுப் பார்த்தார். "வழியாத தண்ணிக்காக வாரியத்தோட போன்ல பேசணும்ங்கிற. எதுக்கு இவ்வளவு ஆர்வம்?"

நபாரியின் நெற்றியில் வியர்த்ததைக் குழுவில் ஒருவர் குறித்துக்கொண்டார்.

அவசர அழைப்பு எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதையும் குவார்ட்டியே சோதித்து முடிவு செய்தார். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தீ. சந்தை. வாங்க," என்று மூன்று சொல் சொன்னார். மூன்று விநாடி ஆயிற்று. பெரிய மனசு பண்ணி ஒரு நிமிஷம் கொடுத்தார். ஒரு நிமிஷம் ஆனதும் இயந்திரம் தானாக அறுத்துவிடும். ஒரு மாலைக்கு மூன்று அழைப்புதான், நான்காவது போகாது. மூன்று அவசரத்துக்கு மேல் ஒரு மாலையில் வருகிறது என்றால் அது சந்தேகத்துக்கு இடமானது என்பது குழுவின் கருத்து.

முதல் மாலை. தொட்டி நிரம்பி, வழிய ஆரம்பிக்கும்வரை வும்பினி சட்டப்படி காத்திருந்தார். வழிந்ததும் போனை எடுத்தார்.

"அனின்வுலா, தம்பி," என்றார். மாலை வணக்கம்.

"நாஆ. அனின்வுலா, அண்ணே."

"நாஆ. வீடு எப்படி?"

"நாஆ."

"அஸாரா எப்படி?"

"நாஆ."

"மாமியார் கால்வலி எப்படி?"

"நாஆ. உங்க வீடு எப்படி அண்ணே? பெரியவங்க எப்படி? சின்னவங்க எப்படி?"

"நாஆ. நாஆ. நாஆ."

"கினிக்கோழியெல்லாம் எப்படி?"

"நாஆ. தம்பி, இந்தத் தொட்டி..."

அறுந்துவிட்டது.

வும்பினி மறுபடி போன் செய்தார். புது அழைப்பு. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு இது என்ன தறியில் கிடக்கும் துணியா? மனிதனை மறுபடி கூப்பிட்டால் மறுபடி விசாரிக்கத்தானே வேண்டும்? முதலிலிருந்து விசாரித்தார். இந்தத் தடவை வேகமாக விசாரித்ததில் நபாரியின் தங்கையை விட்டுவிட்டார். நபாரி அதை நினைவுபடுத்தி, ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டான். இல்லவே இல்லை என்று வும்பினி விளக்குவதற்குள் அறுந்தது. மூன்றாவது தடவை கினிக்கோழி வரை வந்து அறுந்தது.

மோட்டார் பாட்டுக்கு ஓடியது. தொட்டிக்குக் கீழே சரிவில்தான் அஸாராவின் ஷியா மரக் கொட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன; காட்டில் பாம்புக்குப் பயந்து பயந்து பொறுக்கி, அவித்து, அந்த வருஷம் அதிலிருந்து எடுக்க வேண்டிய வெண்ணெய்க்காகப் பரப்பி வைத்தவை. ஓரமாகக் கிடந்தவை நனைந்துவிட்டன. அன்று நபாரி வீட்டுக்குப் போனபோது, அவன் வீட்டில் எதுவும் "நாஆ" இல்லை.

மறுநாள் குவார்ட்டி அவனைக் கூப்பிட்டு டேப்பைப் போட்டுக் காட்டினார். இயக்குநரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மூணு அழைப்பு. ஒண்ணுல கூடத் தண்ணிங்கிற வார்த்தையே இல்ல. யாரு இந்தக் கோழி?"

"கோழிதான் ஐயா. வும்பினி அண்ணன் வீட்டுல வளர்க்கிறாரு."

"மாமியார் கால்வலின்னா என்ன?"

"மாமியாருக்குக் கால்வலி ஐயா."

"எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்! வீடு எப்படி, நாஆ. கோழி எப்படி, நாஆ. உலகத்துல எந்த மனுஷன் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் சொல்லுவான்?"

"எங்க ஊருல எல்லாருமே ஐயா."

"மாமியாருக்கு நெஜமாவே கால் வலிக்குதா?"

"துடிக்கிறாங்க ஐயா."

"அப்ப ஏன் நலம்னு சொன்ன?" குவார்ட்டி மேஜையைத் தட்டினார். "அல்ஹாஜி, குறிச்சுக்குங்க. பொய் சொன்னதை ஒத்துக்கிட்டான்."

இயக்குநர் எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான். அவர் வீட்டிலும் மாமியார் உண்டு, கோழி உண்டு. ஆனாலும் அக்ராக்காரர் முன்னால் அதையெல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்தது. "சங்கேத மொழியா இருக்கலாம்," என்றார்.

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஊழியர்கள் ஐந்து மணிக்கு முன்னாலேயே ஒருவருக்கொருவர் போன் செய்து அந்த மாலைக்கு உரிய நலத்தை முன்கூட்டியே விசாரித்து முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் கணக்கு அதிகாரி ஒரு சிக்கலைக் கிளப்பினார்: வெயில் இருக்கும்போது சொல்ல வேண்டியது "அன்டிரே", பொழுது சாய்ந்தால்தான் "அனின்வுலா". வெயிலில் சொன்ன "அன்டிரே" இருட்டில் எப்படிச் செல்லும்? குழு மூன்று அமர்வுகள் கூடி, செல்லாது என்று கண்டது. இதற்குள் பகல் முழுக்க ஊழியர்கள் நலம் விசாரித்ததில் பில் இரண்டு மடங்காகிவிட்டது. அந்தப் பில்லில் பெரிய பங்கு இயக்குநர் அறையுடையது. தினமும் மாலையில் அவர் அக்ராத் தலைமையகத்தைக் கூப்பிட்டு, இங்கே யாரும் பேசவில்லை என்று ஒரு மணி நேரம் பேசுவார்.

கடைசியாகச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. ஐந்து மணிக்குப் பிறகு போனில் நலம் விசாரிக்கக் கூடாது; நேராக விஷயத்துக்கு வர வேண்டும். கூடவே, குரலை மாற்றிப் பேசி ஊழியர்களை ஏமாற்றும் ஆட்கள் உலவுவதாகச் சந்தேகிக்கப்படுவதால், பேசுகிறவர் இன்னார்தான் என்று உறுதியாகத் தெரியாமல் யாரும் எதையும் நிறுத்தவோ தொடங்கவோ கூடாது. மீறினால் வேலை போகும்.

அன்று மாலை போன் அடித்தது. நபாரி எடுத்தான்.

"தொட்டி வழியுது. நிறுத்து," என்றது வும்பினியின் குரல். வைத்துவிட்டது.

நபாரி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எங்கள் ஊரில் நலம் விசாரிக்காமல் பேச ஆரம்பிப்பவர்கள் இரண்டே பேர்தான். சாவுச் செய்தி கொண்டுவந்து அதைச் சொல்ல வாய் வராதவன் ஒருவன். உறவை அறுத்துக்கொண்டவன் இன்னொருவன். யார் போய்விட்டார்கள்? வும்பினியின் அம்மாவா? அல்லது நான்தான் ஏதாவது தப்புப் பண்ணினேனா, அன்றைக்குத் தங்கை விஷயத்தைக் கிளப்பினோமே? இல்லை, இது வும்பினியே இல்லையோ? சுற்றறிக்கையில் சொன்ன ஆளோ? நிறுத்தினால் வேலை போகும், நிறுத்தாவிட்டாலும் போகும். மோட்டாரைப் பார்த்தான். அதுவும் அவனைச் சந்தேகமாகப் பார்ப்பது போலவே இருந்தது.

மறுபடி அடித்தது.

"நிறுத்துடா! வழியுதுடா!"

"அண்ணே, வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க அண்ணே. நான் தாங்கிப்பேன்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலடா!"

"அப்ப என் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லடா. விசாரிக்கக் கூடாதுன்னு உத்தரவு!"

"நீங்க வும்பினி அண்ணன்தான்னு நான் எப்படி நம்பறது? எங்கண்ணன் உத்தரவுக்காக என்னை விசாரிக்காம இருக்க மாட்டாரே!"

அறுந்தது. நபாரி கண்கலங்க உட்கார்ந்திருந்தான். இன்னும் ஒரே அழைப்புதான் பாக்கி. அதுவும் அடித்தது.

"யோவ்! காது அடைச்சுப் போச்சா? கொட்டையெல்லாம் மிதக்குது! மோட்டாரை நிறுத்தித் தொலை. வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு!"

நபாரி பாய்ந்து போய் நிறுத்தினான். இந்த விவகாரம் முழுவதிலும் அவனுக்குத் துளிக்கூடச் சந்தேகம் வராத ஒரே சமயம் அதுதான். ஸாக்பாலியில் அவனை நலம் விசாரிக்காமல் பேச ஆரம்பிக்கக்கூடிய உயிர் ஒன்றே ஒன்று.

சரிவில் தண்ணீர் ஏறி வருவதைப் பார்த்துவிட்டு அஸாரா காவலர் குடிசைக்கு ஓடி, வும்பினியின் கையிலிருந்து போனைப் பிடுங்கியிருக்கிறாள். பாதிக் கொட்டை பிழைத்தது.

டேப்பைக் கேட்டதும் குவார்ட்டி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "அல்ஹாஜி! இதுதான்! அக்ராவுல கூட இப்படி ஒரு அழைப்பை நான் கேட்டதில்ல!"

மறுநாள் கூடத்தில் எல்லா ஊழியருக்கும் போட்டுக் காட்டினார்கள். இயக்குநர் பிரம்பை வைத்துக்கொண்டு விளக்கினார்.

"கவனிங்க. 'யோவ்'ங்கிறது அழைப்பு. 'கொட்டை மிதக்குது'ங்கிறது காரணம். 'நிறுத்தித் தொலை', உத்தரவு. 'இருக்கு உனக்கு', பின்விளைவு. நிர்வாகத்துக்கு வேண்டிய நாலும் இருக்கு. ஒரு சொல் வீண் இல்ல. இனிமே அஞ்சு மணிக்கு மேல எல்லா அவசர அழைப்பும் இந்த மாதிரிதான் இருக்கணும். பயிற்சி நாளைக்கே ஆரம்பம்."

எல்லாரும் கை தட்டினார்கள். நபாரியும் தட்டினான். நிரந்தரம் இன்றைக்கே வந்துவிடும் போலிருக்கிறதே என்று இன்னும் பலமாகத் தட்டினான். கைதட்டல் ஓய்ந்ததும் குவார்ட்டி அவன் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குரல் யாரோடது?"

"என் சம்சாரம் ஐயா," என்றான் பெருமையாக.

"வாரிய ஊழியரா?"

"இல்லீங்க."

"ஆக, வெளியாள் ஒருத்தர் வாரியத்தோட போனை அஞ்சு மணிக்கு மேல உபயோகிச்சிருக்காங்க. புருஷனோட பேசியிருக்காங்க. இதைத்தானே நாங்க முதல்லேர்ந்து தேடிக்கிட்டிருந்தோம்?"

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "நபாரி, எனக்கு உன் மேல தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல. உன் சம்சாரத்தோட அழைப்பு வாரியத்துக்கே பெருமை. அதுக்காகத்தான் உன்னை வேலையை விட்டுத் தூக்கறேன்."

வும்பினியை உள்ளூர்க்காரர் என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். நபாரியும் உள்ளூர்க்காரன்தான், ஆனால் தற்காலிகம். மோட்டார் கொட்டகைக்குக் குவார்ட்டியின் மைத்துனன் லான்டே அக்ராவிலிருந்து வந்தான். அந்த டேப்பில் உள்ள குரலையும் தோரணையையும் கேட்டால் மட்டுமே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குப் பழக்கினார்கள். அலுவலகத்தில் பயிற்சி நடந்தது. ஐந்து வேளை தொழுகிற கணக்கு அதிகாரியால் கடைசிவரை யாரையும் பார்த்து "யோவ்" என்று சொல்ல முடியவில்லை. "யோவ், தப்பா எடுத்துக்காதீங்க" என்றுதான் வந்தது. அவரைத் தோல்வி என்று அறிவித்தார்கள்.

வீட்டில் நபாரி சுவரைப் பார்த்தபடி கிடந்தான். அஸாரா மிஞ்சிய கொட்டைகளைக் கூடை கூடையாக அக்கா வீட்டுக்குச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தாள். திட்டவில்லை. அதுதான் அவனுக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

"என் வாயாலதானே உன் வேலை போச்சு," என்றாள் ஒருநாள். "என் வாயாலயே வரும். சாப்பிடு."

அடுத்த வாரம், குவார்ட்டி வாரியத்தின் ஒரே ஜீப்பை எடுத்துக்கொண்டு தலைமையகத்தில் பாராட்டு வாங்கப் போயிருந்த நாள்; அதுவரை தினமும் டேப்பைப் போனில் போட்டு லான்டேயை நிறுத்தவைத்தவர் அவர்தான், அறைச் சாவியும் அவரிடம்தான். பொழுது சாய்ந்தது. தொட்டி நிரம்பி, சட்டப்படி வழிந்தது. வும்பினி போன் செய்து "யோவ்!" என்றார். லான்டே டேப்பில் கேட்ட குரலா என்று யோசித்தான், இல்லை. வைத்துவிட்டான். தண்ணீர் சரிவில் இறங்கி, கொட்டைகள் இல்லாத வெற்றிடத்தைத் தாண்டி, இயந்திர அறையின் வாசலைத் தொட்டது. உள்ளே இயந்திரம், டேப்புகள், ஸாக்பாலியின் நலம் எல்லாம். இயக்குநர் அங்கி நனைய ஓடிவந்து, தானே போனை வாங்கி, இங்கிலாந்தில் படித்த குரலில், "யோவ்! நிறுத்தித் தொலை!" என்றார்.

"நீங்க ஆம்பளை சார்," என்றான் லான்டே. "டேப்புல இருக்கிறது பொம்பளை." வைத்துவிட்டான்.

ஒரே அழைப்பு பாக்கி.

அஸாரா முற்றத்தில் சோளமாவுக் களி கிளறிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க வந்து நின்றவரைப் பார்த்ததும் துடுப்பை வைத்துவிட்டு, முழங்கால் மடித்துத் தாழ்ந்து உட்கார்ந்தாள். "அனின்வுலா, அல்ஹாஜி."

"நாஆ. அஸாரா, சீக்கிரம்..."

"முதல்ல உக்காருங்க." முக்காலி வந்தது. சுரைக்குடுவையில் தண்ணீர் வந்தது. தண்ணீர் குடிக்காமல் விருந்தாளி விஷயம் பேசுவது எங்கள் பக்கம் கிடையாது. இயக்குநர் தண்ணீர் குடித்தார். வெளியே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அண்டை வீட்டுப் பெண்கள் குடமும் சட்டியுமாகத் தொட்டிப் பக்கம் ஓடியவர்கள், இங்கே இயக்குநர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வேலியோரம் நின்றுவிட்டார்கள். தெருவே பார்க்கிறது, எப்படி எழுந்து ஓடுவது?

"வீடு எப்படி?"

"நாஆ."

"மூத்த வீட்டம்மா எப்படி? இளைய வீட்டம்மா எப்படி?"

"நாஆ. நாஆ. அஸாரா, போன்ல..."

"இங்கிலாந்துல இருக்கிற மகன் எப்படி? அடிக்கடி பேசுறாரா?"

இயக்குநர் ஒரு கணம் விழித்தார். "நாஆ," என்றார் சன்னமாக.

"ஆபீஸ் எப்படி? மிஷின் எப்படி?"

"நாஆ." முக்காலி நுனிக்கு வந்துவிட்டார். "தாயி, ஒரே ஒரு போன். அன்னிக்குப் பேசின மாதிரி, அதே மாதிரி, லான்டேகிட்ட பேசணும்."

அஸாரா காதைப் பொத்திக்கொண்டாள். "அடக் கடவுளே! இன்னொருத்தி புருஷனை நான் எப்படி யோவ்னு கூப்பிடறது? அவ என்னை என்ன நினைப்பா? நான் அப்படிப் பேசறது என் புருஷன்கிட்ட மட்டும்தான். அங்க என் புருஷன் இல்லையே அல்ஹாஜி."

வேலியோரம் யாரோ சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்தது. இயக்குநர் பார்த்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுக்காரர் வேலை எப்படி இருக்கு?" என்றாள் அஸாரா, அதே விசாரிப்புக் குரலில்.

ஊரே பதிலுக்குக் காத்திருந்தது. நலம் விசாரித்தவளுக்கு "நாஆ" சொல்லாமல் போனவன் என்று ஒருவனைப் பற்றி எங்கள் ஊரில் பேச்சு வந்தால், பேரன் காலம்வரை நிற்கும்.

"நாஆ," என்றார் இயக்குநர்.

"நிரந்தரமா?"

"நாஆ, தாயி, நாஆ! இத்தனை பேரும் சாட்சி! அவனை ஓடச் சொல்லு!"

சுவரைப் பார்த்துக் கிடந்த நபாரி சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் சைக்கிளை எடுத்தான். முதுகு பிளக்க மிதித்து, லான்டேயை நாற்காலியிலிருந்து எழுப்பி, உட்கார்ந்தான். மோட்டார் கைக்கெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இப்போது அவன் நிரந்தர ஊழியன். அவசர அழைப்பு வராமல், பேசுவது இன்னார்தான் என்று உறுதியாகத் தெரியாமல், எதையும் நிறுத்தக் கூடாது. காத்திருந்தான்.

போன் அடித்தது.

"அனின்வுலாங்க," என்றது ஒரு பெண் குரல், தேன் ஒழுக. "உங்க உடம்பு எப்படி?"

நபாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் இது? குரல் அஸாராவினுடையதுதான். ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து அஸாரா அவனிடம் இப்படிப் பேசியதே கிடையாது.

"நாஆ," என்றான் ஜாக்கிரதையாக. "யார் பேசறது?"

"உங்க பொஞ்சாதிதாங்க. நிரந்தரமான புருஷனை மரியாதையில்லாம பேசலாமா? சைக்கிள்ல போனது கால் வலிக்குதா? சாப்பிடாம போயிட்டீங்களே, பசி எப்படி?"

பின்னால் ஓர் ஆண் குரல் கத்தியது. "விஷயத்தைச் சொல்லு! யோவ்னு சொல்லு!" போனைப் பிடுங்கும் சத்தம். "நபாரி! நான்தான்! நிறுத்து!"

"யார் நீங்க?"

"இயக்குநர்டா!"

"சும்மா இருங்க சார்," என்றான் நபாரி. "எங்க அல்ஹாஜி எவ்வளவு பெரிய மனுஷர். நலம் விசாரிக்காம ஒரு வார்த்தை பேசமாட்டாரு. குரலை மாத்திப் பேசறவங்க இருக்காங்கன்னு எங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்காங்க."

மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் குரல் சொன்னது:

"அனின்வுலா, நபாரி. வீடு எப்படி?"

"நாஆ, அல்ஹாஜி," என்றான் நபாரி, முகமெல்லாம் மலர. "உங்க வீடு எப்படி?"

அறுந்துவிட்டது. அன்றைக்கு இனி அழைப்பு கிடையாது. நபாரி போனை வைத்துவிட்டு, தன் வேலை முறை முடியும்வரை, ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.